வானில் வரும் இளவேனில்



நம் நாட்டில் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. ஆயினும், வடக்கே இளவேனில் பிறப்பதை நாம் நம் வானத்தைப் பார்த்தே அறியலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சிறப்பாக மார்ச் மாதத்தில், பருந்தினப் பறவைகள் பல சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடதிசை செல்கின்றன. அவை கரை சேரும் இடங்களுள் ஒன்று தஞ்சோங் துவான். நானும் என் நண்பரும் அவற்றைக் காணச் சென்றுவந்ததை இங்கே கூறுகிறேன்.

என் நண்பர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது புலரும் வேளையில், போர்ட்டிக்சன் நகரிலிருந்து இருவரும் மிதிவண்டிகளில் புறப்பட்டோம். கடலோரச் சாலையில் மின்கம்பிமீது மீன்கொத்தி ஒன்று அமர்ந்திருந்தது. புல்வெளியில் மைனாக்கள் இரை தேடின. இவை ஆண்டு முழுவதும் நம்முடன் வாழ்பவை. நாங்கள் காணச் சென்றவையோ வழிப்போக்கர்கள்.

தஞ்சோங் துவான், நெகிரி செம்பிலான் கடற்கரையில் இருப்பினும், மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. காடு சூழ்ந்த அக்குன்றின்மேல் 1863ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. எதிரே சுமத்ராவை அடுத்த ரூப்பாட் தீவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மிதிவண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலேறிக் காத்திருந்தோம்.

வெயில் ஏறிய பின்னர், கடலின்மேல் கரும்புள்ளிகள் சில தோன்றின. அருகே வந்தபோது அவை தேன்பருந்துகள் என அறிந்தோம். சிறிய தலை, நீண்ட கழுத்து, அகன்ற சிறகுகள். ஒன்று கரும்பழுப்பு, மற்றொன்று வெளிர்நிறம். ஆயினும் ஒரே இனம். தேனீ, குளவி ஆகியவற்றின் கூடுகளைக் கலைத்துப் புழுக்களை உண்பதால் இப்பெயர் பெற்றன. சீனா, சப்பான், சைபீரியா முதலிய இடங்களில் குஞ்சு பொரிக்க அவை செல்கின்றன.

கடலின்மேல் சிறகடித்து வந்தவை, குன்றின்மேல் வந்ததும் சிறகடிக்காமலே வட்டமிட்டு உயர்ந்தன. "வாத்தியாரே, இஃது எப்படி?" என்று நண்பர் வினவினார்.

"வெயிலால் நிலம் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழும்பிப் பறவையைத் தூக்குகிறது. உயரம் சென்றபின், இறக்கத்தில் நாம் மிதிக்காமல் வண்டியோட்டுவதுபோல், அது சறுக்கிச் செல்கிறது. கடலின்மேல் அத்தகைய காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆதலின், சமதரையில் மிதிப்பதுபோல் சிறகடித்தே வரவேண்டும். கரை சேரும்போது களைத்துவிடும்," என்றேன்.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தாழ்ந்த குரலில் கூறினார்: "சிறுவயதில், ரப்பர் மரத்தில் அமர்ந்திருந்த இப்படியொரு பருந்தை உண்டிவில்லால் அடித்தேன். கிட்டப் போயும் அது பறக்கவில்லை. சோம்பேறிப் பறவை என்று எல்லாரும் சிரித்தோம். அது களைத்திருந்ததோ என்று இன்றுதான் தோன்றுகிறது."

நான் விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறன்று அவர் தம் மகனை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்குச் சென்றார்.

மாணவர்களே, கடல் கடந்து வரும் பறவைக்கு, கரையில் முதலில் தென்படும் காடே தங்குமிடம். அக்காடு அழியுமாயின், அது எங்கே இளைப்பாறும்? பறவை காணச் செல்லும்போது பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். குடிநீரும் தொப்பியும் கொண்டு செல்லுங்கள். தொலைநோக்கியால் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் கெடும். கண்ட நாள், நேரம், பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். உண்டிவில்லை மட்டும் வீட்டிலும் வைத்திராதீர்கள்.