புகார் எழுதியவரின் பெயர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

லஞ்சத்தைக் கண்டிப்பதில் நம்மவர்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது. டீக்கடைப் பெஞ்சியிலிருந்து சட்டசபை வரையில் அதைக் கண்டிக்காதவர் இல்லை. லஞ்சம் வாங்குகிறவர்கூடப் பொதுமேடையில் ஏறினால் அதைக் கண்டித்துத்தான் பேசுகிறார். ஆனால் ஓர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, அங்கே நடக்கும் மோசடியைத் தேதியோடும் தொகையோடும் எழுதிக் கொடுக்கத் துணிகிற ஒருவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்டால், அந்த உற்சாகமெல்லாம் அடங்கிப்போய், வாய்க்கு வந்த நாலைந்து சமாதானங்களே பதிலாகக் கிடைக்கின்றன. நெடுநாள் கேட்டுப் பழகியதால் அவற்றை உண்மையென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவற்றுள் சிலவற்றை எடுத்துப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை: “நேர்மையானவன் ஏன் பயப்பட வேண்டும்? விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்தால் போதும்.”

சத்யேந்திர துபே அப்படித்தான் நம்பினார். பீகாரின் சிவான் மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் என்ஜினீயரிங் பயின்று, மத்திய சர்க்காரின் என்ஜினீயரிங் பணியில் சேர்ந்து, அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு அனுப்பப்பட்ட அவர், டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நீளமுள்ள தங்க நாற்கரச் சாலையில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் இருந்துகொண்டு ஒரு பகுதியை மேற்பார்வையிட்டு வந்தார். பெரிய கம்பெனிகளின் பெயரில் எடுக்கப்பட்ட ஒப்பந்தங்கள், அவ்வேலையைச் செய்வதற்கு வசதியோ திறமையோ இல்லாத சிறிய ஒப்பந்தக்காரர்களுக்குக் கைமாறுவதையும், அதனால் சாலையின் தரம் கெடுவதையும், பொதுப்பணம் சூறையாடப்படுவதையும் கண்ட துபே, 2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்கே நேராக ஒரு கடிதம் எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று அதில் கேட்டுக்கொண்டார். எனினும் பெயரில்லாக் கடிதத்துக்குச் சர்க்காரில் மதிப்பில்லை என்பதை அறிந்தவராதலால், தாம் யார் என்ற விவரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருந்தார்.

அந்தத் தனித் தாளும் கடிதத்தோடு சேர்ந்தே போயிற்று. பிரதமர் அலுவலகத்திலிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், அதன் வழியாக நெடுஞ்சாலை ஆணையத்துக்கும், அதாவது எந்த இடத்தைப் பற்றி அவர் புகார் சொன்னாரோ அந்த இடத்துக்கே, குறிப்புகளும் கையெழுத்துகளும் ஏற ஏறப் பெயரோடு அது வந்து சேர்ந்தது. ஓராண்டு கழிந்து, 2003 நவம்பர் 27 விடியற்காலையில், கயா ரயில் நிலையத்தில் இறங்கி, தம்மை அழைத்துப்போக வேண்டிய கார் வராமற்போகவே ரிக்‌ஷா ஏறி வீடு திரும்புகிற வழியில், துபே சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழக்கை விசாரித்த சி.பி.ஐ., இது வழிப்பறியில் நேர்ந்த கொலை என்று கூறியது. 2010 மார்ச்சில் பாட்னா நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகளென்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தது. குடும்பத்தார் அந்த முடிவை ஏற்கவில்லை. கடிதத்துக்கும் கொலைக்கும் சம்பந்தம் உண்டென்பது நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெயர் வெளியானது அந்த நிரூபணத்தை நம்பியிருக்கும் விஷயம் அன்று. அதைக் கடிதத்தின் மேலேறிய குறிப்புகளே சொல்லின.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. துபேயின் பெயரை வெளியிடுவதற்கு எவரும் சதி செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தபால் பிரிவில் எண்ணிட்டு, அனுப்பியவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, இணைப்புகள் சகிதமாக “மேல்நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது” என்றெழுதிச் சம்பந்தப்பட்ட துறைக்குத் தள்ளிவிடுவது ஒவ்வோர் அலுவலகத்திலும் தினசரி நடக்கும் காரியம். அதைச் செய்த குமாஸ்தாவோ அதிகாரியோ தம் கடமையை ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தியோடுதான் அன்று மாலை வீட்டுக்குப் போயிருப்பார்கள். கெட்டவர்கள் கையில் சிக்கினால்தான் பெயர் கசியும் என்றால், நல்லவர்களை நியமித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். கோப்பு போகிற வழியே பெயரைக் கசியவிடும்படி அமைந்திருக்கையில், நல்லெண்ணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

நம்பிக்கை: “பயமாக இருந்தால் ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டால் போயிற்று.”

மொட்டைக் கடிதத்தின் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கலாகாதென்று மத்திய கண்காணிப்பு ஆணையம் 1999-இலேயே உத்தரவிட்டிருந்தது. பொய்ப் பெயரில் வருவதற்கும் அதே கதிதான். பொறாமையாலும் பதவி உயர்வுப் போட்டியாலும் எழுதப்படும் அவதூறுகள் நேர்மையான உத்தியோகஸ்தர்களை அலைக்கழிப்பதைத் தடுப்பதற்காக ஏற்பட்ட விதி அது. அதன் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதனுடைய விளைவு என்னவென்றால், பெயரைச் சொல்லாதவனுடைய புகார் குப்பைக்கூடைக்குப் போகிறது, பெயரைச் சொன்னவனுடைய புகார் அவனைப் பற்றியே விசாரணை தொடங்க உதவுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறிய வாசல் திறந்தது துபேயின் மரணத்துக்குப் பிறகுதான். உச்ச நீதிமன்றத்தின் முன்பு எழுந்த வழக்கின் பயனாக, 2004 ஏப்ரல் 21-இல் மத்திய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டு, இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பைக் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. க. சந்தானம் தலைமையிலான குழுவின் சிபாரிசால் 1964-இல் பிறந்த அந்த ஆணையம், இதற்கென வகுத்த முறை அறிந்துகொள்ளத்தக்கது. புகாரை ஒட்டிய உறையில் வைத்து, பொதுநலன் கருதிய வெளிப்படுத்தலின் கீழான புகார் என்று உறையின் மேல் எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுப்புகிறவரின் பெயரோ முகவரியோ உறையின்மேல் இருக்கக் கூடாது. உள்ளே மட்டும் இருக்க வேண்டும். வந்து சேர்ந்ததென்று ஒப்புகைக் கடிதம் வராது. ஏனென்றால் அந்த ஒப்புகையே காட்டிக்கொடுத்துவிடும். புகாரின் வாசகமும், எழுதியவர் இன்னாரென்று ஊகிக்க இடந்தராதபடி அமைய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றினும் கடினமானது. ஒரு பாலத்தின் அளவுப் புத்தகத்தைப் பார்க்கக்கூடியவர்கள் அந்த அலுவலகத்தில் மூன்று பேர்தான் என்றால், அதில் ஏற்றிக் காட்டப்பட்ட கன மீட்டரை யார் வெளியே சொன்னார்கள் என்பதைக் கண்டுபிடிக்கக் கையெழுத்து நிபுணர் வேண்டியதில்லை. விவரம் எவ்வளவு திட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் புகார் வலுப்பெறுகிறது. எழுதியவரின் ஆபத்தும் அவ்வளவுக்கு வளர்கிறது. பெயரை மட்டும் காக்கும் ஏற்பாடு ஆகவே போதாது. பெயர் தெரிந்துபோன பிறகும் ஆளைக் காக்கும் சட்டம் வேண்டும்.

நம்பிக்கை: “அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே!”

சட்டம் வந்தது உண்மை. இப்படியொரு சட்டம் வேண்டுமென்று மத்திய சட்ட ஆணையம் தன் 179-ஆவது அறிக்கையில், நகல் மசோதாவையும் சேர்த்து, 2001 டிசம்பரிலேயே சிபாரிசு செய்திருந்தது. அதாவது துபே கடிதம் எழுதுவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே மருந்துச் சீட்டு எழுதப்பட்டுவிட்டது. மக்களவை 2011 டிசம்பரிலும், மாநிலங்களவை 2014 பிப்ரவரியிலும் மசோதாவை நிறைவேற்ற, 2014 மே 9-இல் ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. அதன் ஷரத்துகளைப் படிப்பவருக்குப் பிரமிப்பே உண்டாகும். புகார் செய்தவரின் பெயரை வெளியிடுகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதிகார ரகசியச் சட்டம் இருந்தபோதிலும் பொதுநலனுக்காக உண்மையைச் சொல்லலாம். உத்தியோகஸ்தர் மட்டுமன்றிச் சாதாரணப் பிரஜையும் புகார் செய்யலாம்.

இவ்வளவும் கெஜட்டில் இருக்கிறது, அமலில் இல்லை. மத்திய சர்க்கார் அறிவிக்கும் தேதியில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அதன் முதற் பிரிவிலேயே ஒரு வாசகம் உண்டு. அந்தத் தேதி அறிவிக்கப்படவில்லை. மாறாக, அமலுக்கே வராத இச்சட்டத்தைத் திருத்துவதற்கு 2015-இல் ஒரு மசோதா வந்தது. தேசத்தின் பாதுகாப்பு, பொருளாதார நலன், மந்திரிசபை நடவடிக்கைகள் முதலிய பத்து வகை விஷயங்களைப் பற்றிப் புகாரே கூடாதென்று தடுப்பது அதன் சாரம். மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் கிடந்து, 2019-இல் அது காலாவதியாயிற்று. பிறவாத குழந்தைக்குக் காது குத்த முனைந்த இந்த அவசரம், பத்தாண்டு கடந்தும் தேதி குறிப்பதில் இல்லாதது ஏன் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

நம்பிக்கை: “உயிருக்கு ஆபத்து வருவது எங்கோ ஒருவருக்கு, மற்றவர்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது?”

வருவது இடமாற்றம். தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றுவது, பழைய கோப்பொன்றைத் தூசி தட்டி ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17 (பி) பிரிவில் குற்றச்சாட்டு வழங்குவது, ஓய்வுபெறும் நாளன்று தற்காலிகப் பணிநீக்கம் செய்து பென்ஷனை முடக்குவது ஆகிய இவை ரத்தம் சிந்தாத ஆயுதங்கள். இவற்றைப் பழிவாங்கல் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு நேர்ந்த நஷ்டம் 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டு அரசுக்கு எழுதியது 2012 மே மாதம். அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதும் அதே மே மாதம். ஒன்றினால் மற்றொன்று நடந்ததென்று நான் சொல்லவில்லை. நிர்வாகக் காரணம் என்ற ஒரு சொற்றொடர் எப்போதும் தயாராக இருக்கிறது. இரண்டாண்டு கழித்துச் சென்னை உயர் நீதிமன்றம் அதே கிரானைட் விவகாரத்தை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இத்தகைய சந்தர்ப்பத்துக்கென்றே 2014 சட்டத்தில் ஓர் அரிய ஷரத்து உண்டு: நடவடிக்கை பழிவாங்கலன்று என்று நிரூபிக்கும் பாரம் புகார்தாரரைச் சேராது, அலுவலகத்தைச் சேரும்.

நம்பிக்கை: “கூட இருந்துகொண்டே காட்டிக்கொடுப்பது துரோகம், சொந்தப் பகை இல்லாமல் எவன் புகார் எழுதுவான்?”

சொந்தப் பகை இருக்கலாம்தான். புகாரில் கண்ட தொகை கஜானாவிலிருந்து போயிருக்கிறதா என்பதே கேள்வியாகையால், எழுதியவரின் மனோநிலையை ஆராய்வது விசாரணையைத் திசைதிருப்பும் பழைய தந்திரம். வேண்டுமென்றே பொய் சொல்பவரை 2014 சட்டமும் விடவில்லை. இரண்டாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் அவருக்கு உண்டு. இவ்விஷயத்தில் நம் முன்னோர் நம்மைக் காட்டிலும் யதார்த்தவாதிகளாக இருந்தார்கள். கையாடலைப் பற்றித் துப்புக் கொடுத்து நிரூபிப்பவனுக்குத் தொகையில் ஆறிலொரு பங்கும், அவனே அரசுப் பணியாளனாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கும் கொடுக்கச் சொல்லும் கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம், நிரூபிக்கத் தவறியவனுக்குத் தண்டனையும் விதிக்கிறது. துப்புக் கொடுப்பவன் உத்தமனா என்று அது கேட்கவில்லை. 1863-இல் லிங்கன் காலத்தில் அமெரிக்காவில் பிறந்து இன்றுவரை வழங்கிவரும் பொய்க் கோரிக்கைச் சட்டமும், மீட்கப்படும் பணத்தில் பங்கு கொடுத்தே அரசாங்கத்தை ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிறது. விசுவாசம் என்பது மேலதிகாரிக்கா, சம்பளம் கொடுக்கும் ஜனங்களுக்கா என்ற வினாவை அதற்குமேல் நீட்டுவானேன்!

நம்பிக்கை: “இதெல்லாம் பீகாரில் நடப்பது, நம் பக்கத்தில் இல்லை.”

2023 ஏப்ரல் 25-ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில், தம் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும்போதே வெட்டப்பட்டு உயிரிழந்தார். தாமிரபரணியில் நடந்த மணல் கடத்தலைப் பற்றி அதே மாதம் போலீசில் புகார் கொடுத்தவர் அவர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி விரைந்து வந்ததென்று பாராட்டத்தான் வேண்டும். எனினும் புகாருக்கும் கொலைக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் அவருக்குக் கேடயமாக நிற்கக்கூடிய ஏற்பாடு எது?

2004 தீர்மானம் மத்திய சர்க்கார் ஊழியர்களையும் மத்திய நிறுவனங்களையும் பற்றியது. மாநில அரசின் காரியங்கள் அதில் அடங்கா. 2014 சட்டத்தில் மாநிலங்களுக்கும் இடமுண்டு, ஆனால் அது தேதிக்காகக் காத்திருக்கிறது. டில்லி தேதி குறிக்கும் வரையில் மாநிலங்களால் ஒன்றும் செய்ய இயலாதென்பதும் சரியன்று. 2004-இன் அந்த ஒட்டிய உறைத் திட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டமல்ல, வெறும் நிர்வாகத் தீர்மானமே. தன் ஊழியர்களுக்காக அதே மாதிரி ஒன்றைப் பிறப்பிக்கச் சென்னைக் கோட்டைக்கு ஓர் அரசாணை போதும்.