வாய்வழி மீள்நீரேற்றற் கரைசல்: ஒரு மருத்துவ ஆய்வின் கதை

மாணவர்களே, வயிற்றோட்டத்தின்போது நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளை நீங்கள் அறிவீர்கள். அது பயனுள்ளது என எவ்வாறு நிறுவப்பட்டது என்பதை இப்பாடத்தில் கற்போம்.

1. பிரச்சினை

கொலரா நோயாளி சில மணித்தியாலங்களில் பல லீற்றர் நீரையும் உப்புகளையும் இழக்கலாம். இது உடல் நீரிழப்பு எனப்படும். சிகிச்சை கிடைக்காவிடின் மரணம் நேரலாம். 1960களில் நாளத்தினூடாகச் சேலைன் ஏற்றுவதே பிரதான சிகிச்சையாக இருந்தது. இதற்குக் கிருமியழித்த திரவமும் ஊசியும் பயிற்சி பெற்ற ஊழியரும் தேவை. கிராமங்களில் இவை கிடைப்பது அரிது.

2. விஞ்ஞான அடிப்படை

சிறுகுடலில் குளுக்கோசும் சோடியம் அயன்களும் ஒன்றாக அகத்துறிஞ்சப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது. கொலராவிலும் இச்செயல் நின்றுவிடுவதில்லை. ஆகவே உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசலைக் குடித்தால் இழந்த நீரை ஈடுசெய்யலாம்.

3. டாக்கா ஆய்வு (1968)

டேவிட் நாலின், ரிச்சட் காஷ் முதலிய வைத்தியர்கள் கடும் கொலராவுற்ற 29 வளர்ந்தோரை ஆராய்ந்தனர். முதலில் அனைவருக்கும் சேலைன் ஏற்றப்பட்டது. பின்னர் சிலருக்குக் கரைசல் கொடுக்கப்பட்டது. ஏனையோர் சேலைனிலேயே வைக்கப்பட்டனர். கரைசல் பெற்றோருக்குத் தேவைப்பட்ட சேலைனின் அளவு ஏறத்தாழ 80% குறைந்தது. சேலைனை மட்டும் பெற்றோர் இங்கு கட்டுப்பாட்டுக் குழுவாவர்.

4. அகதி முகாம் (1971)

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய பங்களாதேஷ்) இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் தப்பி வந்தனர். எல்லையோர நகரான பொங்காவோனில் கொலரா பரவியது, சேலைன் போதவில்லை. வைத்தியர் திலீப் மகாலானபிஸ் குளுக்கோசு, உப்பு, சோடியம் இருகாபனேற்று ஆகியவற்றை நீரில் கரைத்து வழங்கினார். நோயாளிகளின் உறவினரே அதனைப் பருக்கினர். முன்பு 30% வரை இருந்த இறப்பு வீதம், சிகிச்சை பெற்ற சுமார் 3,700 பேரிடையே 3.6% ஆகியது.

5. இரு சான்றுகளின் ஒப்பீடு

டாக்கா ஆய்வில் ஒப்பிடுவதற்குக் குழு இருந்தது. ஆனால் நோயாளர் தொகை சிறியது. முகாமில் தொகை பெரியது. ஆனால் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. ஊழியர் அதிகரித்தமை போன்ற வேறு காரணிகளும் இறப்பைக் குறைத்திருக்கலாம். எனினும் உயிர்காக்கும் என நம்பத்தக்க கரைசலை ஒரு பகுதியினருக்கு மறுத்து ஆய்வு செய்வது அங்கு அறமாகாது. முதலாவது ஆய்வு கரைசல் உடலில் பயன்தருவதைக் காட்டியது. இரண்டாவது அனுபவம், பயிற்சியற்றவரும் அதனைக் கொடுக்கலாம் எனக் காட்டியது.

6. சமுதாயத்துக்குச் செல்லல்

1978இல் உலக சுகாதார தாபனம் வயிற்றோட்ட நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. 1980 முதல் 1990 வரை பங்களாதேஷின் பிராக் நிறுவனம் வீடுவீடாகச் சென்று, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு இக்கரைசல் தயாரிக்கக் கற்பித்தது. 2002இல் சோடியமும் குளுக்கோசும் குறைக்கப்பட்ட புதிய கரைசல் சிபாரிசு செய்யப்பட்டது.

நினைவிற் கொள்க

• பொதியில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரிலேயே முழுத் தூளையும் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்புச் செறிவு கூடி ஆபத்து விளையும்.
• 24 மணித்தியாலங்களின் பின் எஞ்சியதை அகற்றுக.
• மயக்கமுற்றவருக்கு வாயால் எதுவும் கொடுக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

மாதிரி வினா

முகாமில் இறப்பு 30% இலிருந்து 3.6% ஆகக் குறைந்தமை, கரைசலின் பயனை நிரூபிக்கத் தனியே போதுமானதா? விளக்குக.

விடைக் குறிப்பு: போதாது. ஒரே காலத்தில் ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. வேறு காரணிகளும் மாறியிருக்கலாம். ஆயினும் 1968இன் கட்டுப்பாட்டுடனான ஆய்வோடு சேர்த்து நோக்கும்போது அது வலுவான சான்றாகும்.