மார்கழி முதல் பங்குனி வரை: பித்தவெடிப்புக்கு வீட்டு வைத்தியம்

சமையலறை அலமாரியில் இருக்கும் தேங்காயெண்ணெய் காலை வேளையில் உறைந்து கிடக்கத் தொடங்கிவிட்டதென்றால், கைகால்களைப் பேணும் காரியத்தை அன்றே ஆரம்பித்துவிட வேண்டும் என்பதே மர்பி டவுன் வாசிகளுக்கு இந்தப் பருவத்தில் நாம் சொல்லும் முதல் யோசனை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில் மார்கழிக் குளிர் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் குளிரைவிட அதிகமாகச் சருமத்தை வாட்டுவது, அதன் பின்னாலேயே வரும் வறட்சி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தையிலும் மாசியிலும் மழை அநேகமாக இராது. போகப்போகப் பிற்பகல் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். குளிர்தான் போய்விட்டதே என்று எண்ணி எண்ணெய்ச் சீசாவை மூடி வைக்கிற அந்த வாரங்களிலேதான் குதிகால் பிளந்து ரத்தம் கசிகிறது. ஆகையால் இப்போது தொடங்கும் பராமரிப்பைப் பங்குனி கழிந்து கோடைமழை விழும் வரையில் இடைவிடாமல் நடத்திவருவது அவசியம்.

முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கி, பிற்பாடு தண்டுப் பகுதியின் (கண்டோன்மென்ட்) பொறியாளராக இருந்த மர்பியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தப் பேட்டை, அல்சூர் ஏரிக்கு அருகே எளிய குடும்பங்கள் குடியிருப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. இன்றும் விடியற்காலையில் இங்கிருந்து புறப்பட்டு, பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கவும், தெருக் கூட்டவும், சிமெண்ட் குழைக்கவும், சமையற்கூடங்களில் பூண்டு உரிக்கவும் போகிறவர்கள் பலர். அழகுக் குறிப்புகள் என்ற பெயரில் வெளிவரும் யோசனைகள் பெரும்பாலும் பகலில் ஓய்வாக அமர்ந்திருக்கக்கூடியவர்களை உத்தேசித்து எழுதப்படுபவை. நாள் முழுவதும் தண்ணீரிலும் சோப்பிலும் கை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, இரவு 9 மணிக்குமேல் தமக்கென்று கிடைக்கும் கால்மணி நேரத்தில் என்ன செய்துகொள்ள முடியும் என்பதையே நாம் இங்கே முக்கியமாகக் கருதுகிறோம்.

சரீரத்தின் மற்ற பாகங்களில் எல்லாம் எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையா. தோல் தடித்திருந்தும் அவ்விடங்கள் சீக்கிரம் உலர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். இனி, உலர்ந்த தோலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், எண்ணெய் என்றுதான் நாம் அனைவரும் சட்டென்று பதில் சொல்வோம். 1952-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இர்வின் பிளாங்க் என்ற விஞ்ஞானி, பாதத்திலிருந்து எடுத்த காய்ப்புத் தோலை நன்றாக உலர்த்தி, அதைப் பலவகை எண்ணெய்ப் பொருள்களில் வைத்துப் பார்த்தார், அது மிருதுவாகவில்லை. தண்ணீரை உறிஞ்சிய பிறகே அது வளைந்து கொடுத்தது. தோலை இளக்குவது ஜலம். அந்த ஜலம் ஆவியாகிப் போகாமல் காவல் நிற்பது மட்டுமே எண்ணெயின் வேலை. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், எந்தத் தைலம் உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, எந்தச் சமயத்தில் பூசுகிறோம் என்பதே பிரதானம் என்பது விளங்கிவிடும். வறண்டு வெடித்த காலில் அப்படியே விளக்கெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு படுப்பவருக்குப் பாதிப் பயன்கூடக் கிடைப்பதில்லை.

இரவு வேலைகள் முடிந்த பின்பு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில், உப்போ சோப்போ சேர்க்காமல், பாதங்களைப் 10 நிமிஷம் வைத்திருங்கள். பின்னர், கால் தேய்க்கும் கல்லினால் குதிகாலின் காய்ப்பை ஒரே திசையில் இலேசாகத் தேய்த்துவிட்டு, துண்டினால் துடைக்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, அதாவது 3 நிமிஷத்துக்குள்ளாக, எண்ணெயையோ களிம்பையோ தாராளமாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையை மாட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். காலுறையைப் பற்றி இன்னொரு வார்த்தை: இப்பேட்டையின் பழைய வீடுகளில் மெழுகினாற்போல் வழவழக்கும் சிவப்புத் தரையில், எண்ணெய்ப் பாதத்தோடு இரவில் எழுந்து நடக்கும் முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. எண்ணெய் பூசிய பின் நடமாடுவதாயின் காலுறைக்கு மேல் செருப்பும் இருக்கட்டும்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவையே. விளக்கெண்ணெய் கெட்டியாக நிற்பதால் குதிகாலுக்கு விசேஷம். கடையில் விற்கும் வாசலின், நீரைத் தடுத்து நிறுத்துவதில் இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது, மலிவானதும்கூட. கன்னட நாட்டில் இருக்கும் நாம் அவசியம் அறிந்துகொள்ளத்தக்க பொருள் இன்னொன்று உண்டு: மலைநாட்டு வீடுகளில் புனம்புளி விதையிலிருந்து எடுக்கும் முருகல துப்பா என்னும் கட்டி நெய். பித்தவெடிப்புக்கு அங்கே தலைமுறைகளாக அதையே பூசிவருகிறார்கள். அறையின் சூட்டில் கட்டியாக இருந்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இளகி, பிளவுக்குள் நன்றாகப் படிகிறது. அது கிடைக்காதவர்கள் வீட்டிலேயே களிம்பு காய்ச்சிக்கொள்ளலாம்: 100 கிராம் நல்லெண்ணெய்க்கு 25 கிராம் தேன்மெழுகு என்ற கணக்கில் ஒரு கிண்ணத்தில் இட்டு, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெழுகு உருகும் வரை கலக்கி, ஈரமில்லாத டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் போதும். நேரடியாக அடுப்பில் வைக்கவேண்டாம், மெழுகு தீப்பற்றக்கூடியது.

மிகவும் தடித்த குதிகாலுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத யூரியாக் களிம்பு நல்ல பலன் தரும். யூரியா என்ற பெயரைக் கேட்டு வயலுக்கு இடும் உரத்தைக் கரைத்துப் பூசும் விபரீதம் வேண்டாம். ஆழமாகப் பிளந்து ரணமாயிருக்கும் இடத்தில் அந்தக் களிம்பும் எரியும், ஆதலால் பிளவு மூடியபின் தொடங்குக.

கைகளின் நிலைமை வேறு. கால்களுக்கு இரவு முழுதும் ஓய்வு உண்டு. கைகளோ நாளொன்றுக்குப் பலமுறை நனைந்து உலர்கின்றன, ஒவ்வொரு முறையும் சோப்பு சிறிது பசையைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது என்பதால் இன்னும் அதிகமாகப் போட்டுத் தேய்க்கிறோம். அதன் படிவு தோலிலேயே தங்கி எரிச்சலூட்டுகிறது. குழாயில் காவேரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்துவைத்து, கடைசியாகக் கை அலம்புவதற்கு மட்டும் உபயோகித்தாலும் வித்தியாசம் தெரியும். பாத்திரம் துலக்கும் இடத்திலேயே ஒரு சிறு டப்பாவில் எண்ணெயை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஈரக் கையிலேயே இரண்டு சொட்டு தடவிக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் வைத்திருக்கும் இல்லத்தார் ரப்பர்க் கையுறையும் உள்ளே அணியப் பருத்திக் கையுறையும் வாங்கித் தரவேண்டும். அதைத் தயவு என்று எண்ணாமல் கடமையென்று கொள்ளவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

பூண்டும் வெங்காயமும் உரிப்பவர்களுக்கு, பொருளைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனி மட்டும் வெடிக்குமானால், அது குளிரினால் அல்ல, பூண்டின் ஒவ்வாமையால் வந்திருக்கக்கூடும். எண்ணெய் மட்டும் அதைத் தீர்க்காது, உரிக்கும் வேலையையே சில வாரம் நிறுத்திப் பார்க்கவேண்டும். சிமெண்ட் வேலை செய்வோரின் கைவெடிப்பும் அவ்வாறே: அதன் காரத்தன்மை ஒருபுறம், அதிலுள்ள குரோமிய உப்பின் ஒவ்வாமை மற்றொருபுறம். சிமெண்ட் காய்வதற்கு முன்பே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவது நன்று.

எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, பிளேடு ஆகிய மூன்றையும் வெடிப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். துவைகல்லில் குதிகாலைத் தேய்க்கும் பழக்கம் நம்மிடையே வெகுநாளாக உண்டு. ரத்தம் வரும் வரை தேய்ப்பதால் தோல் முன்னிலும் தடித்து வளருமேயன்றி மெலியாது. அரைத்த மருதாணியைப் பிளவில்லாத தோலில் வைத்துக்கொள்வதில் தோஷமில்லை. சில நிமிஷத்தில் கன்னங்கரேலென்று பற்றும் பொட்டலங்களில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், அவை கொப்புளம் எழுப்பும்.

நீரிழிவுக்காரர்கள் மேற்கூறியவற்றில் காலை ஊறவைப்பதையும் கல்லால் தேய்ப்பதையும் முற்றிலும் விட்டுவிடவேண்டும். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது, கீறல் தெரியாது; ஒரு சிறு வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, விரலையே எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு. குளித்தவுடன் எண்ணெய் பூசி, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்து, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு அணியுங்கள். வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் உணர்ச்சியிழந்த தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பதற்காகச் செய்த ஆராய்ச்சியோடு வரலாற்றுத் தொடர்புடையது அந்த மிருதுவான ரப்பர்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குணம் காணாவிட்டாலோ, சிவந்து வீங்கிச் சீழ் வைத்தாலோ, அரிப்போடு நீர்க்கொப்புளம் கண்டாலோ, இரண்டு பாதங்களும் ஒரே ஒரு கையும் மட்டும் மாவு பூத்தாற்போல் உரிந்தாலோ (இது பெரும்பாலும் படர்தாமரை வகையைச் சேர்ந்தது), வெடித்த இடத்தில் வலியே தெரியாவிட்டாலோ, சிவாஜி நகர் பவுரிங் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குச் சென்று காட்டுங்கள். கடைசியாகச் சொன்ன குறி தொழுநோயினதாக இருப்பினும் பயப்பட வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்கு இலவசமாக மருந்து கொடுத்துப் பூரணமாகக் குணப்படுத்துகிறார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும், தவக்காலத்தில் காலணி துறந்து திருயாத்திரை போகும் கிறிஸ்தவ சகோதரர்களும், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இரவுப் பராமரிப்பைத் தொடங்கிவிட வேண்டும். காய்ப்பை அடியோடு தேய்த்து எடுத்துவிடாதீர்கள், வெறுங்காலோடு நடப்பதற்கு அதுவே துணை. வழியில் ஒவ்வொரு மாலையும் பாதத்தைக் கழுவி, ஈரத்தோடு எண்ணெயிட்டு, பிளந்த இடத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் செருப்போடுதான் நடக்கவேண்டும். விரதத்தின் மற்ற நியமங்களை அவர்கள் குறைவின்றி அனுஷ்டிக்கலாம்.