முதலில் பாறை, கடைசியில் பறப்பு: முகையூர்க் குடும்பத்துக்கு ஒரு கோடைத் திட்டம்

யூடியூபில் பாராகிளைடிங் காணொளி பார்த்துவிட்டு, ‘நாமும் பறக்கலாம்பா’ என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு இப்போது குறைவு. நச்சரிக்கட்டும், பறக்கவும் செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். ஒரு மணி நேரம் மேட்டில் ஏறிப் பழகாத குடும்பம் நேராக மலை உச்சிக்குப் போய்க் காற்றுக்காகக் காத்து நின்றால், பாதி நாள் தலைவலியிலும் சண்டையிலும் கழியும். முகையூர், திருக்கோவிலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு நடந்து பழகப் பாறைக்கா பஞ்சம்?

முதல் படி, ஊர்ப் பாறை. தேர்வு முடிந்த வாரத்திலேயே தொடங்குங்கள். திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்றுக்கு விடியற்காலையில் ஒரு நடை. அடுத்த வாரம் கீழ்வாலை. அங்கே பாறையில் செந்நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் உண்டு. பறவை முகம் கொண்ட மனிதர்களைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தொடக் கூடாது, தண்ணீர் தெளித்துப் பார்க்கவும் கூடாது. இந்த இரண்டு நடையிலேயே யாருக்குச் செருப்பு கடிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் பையைச் சுமக்காமல் நழுவுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். புதுக் காலணி வாங்கினால் இப்போதே போட்டுப் பழக்குங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வழவழப்பான கருங்கல்லில் வழுக்கும்.

இரண்டாம் படி, செஞ்சி. திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையை ஒட்டியே கோட்டை நிற்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டியது. 1677இல் சிவாஜி பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தபடி முகலாயப் படையின் முற்றுகையை ஏழு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்ற கேள்வி குறையும்.

இங்கே ஒரு சிக்கல். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் விடியுமுன் நுழைய முடியாது. பிற்பகலுக்குப் பிறகு ராஜகிரியில் ஏற விடுவதுமில்லை. வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே விசாரித்து, முதல் ஆளாக நில்லுங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு ராஜகிரி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். பகல் ஏற ஏறக் கல் படிகள் கொதிக்கும். அதைவிடச் சிறிய கிருஷ்ணகிரி போதும். ராஜகிரிதான் என்று பிடிவாதம் பிடித்தால் ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான வெடிப்பு; அதன்மேல் ஒரு குறுகிய பாலம். அதைத் தாண்டினால்தான் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும். பாலத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், செல்ஃபி அப்புறம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உப்புப் போட்ட நீர்மோர், தொப்பி. தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும். எல்லாம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். யாராவது வியர்ப்பது நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி, உண்மையான காட்டுப் பாதை. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு மலையிலும் ஏறாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிந்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். தீ பரவும் மாதங்களில் மூடிவிடுவதால் ஏப்ரல் நடுவுக்குப் பின் திறந்ததும் பதியுங்கள். சிறுவர்களுக்கான வயது விதியைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

நமக்கு வசதி ஏலகிரி. முகையூரில் ரயில் ஏறினால் திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி. அங்கே மாறி ஜோலார்பேட்டை. மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். சுவாமிமலை உச்சி வரை ஏறி இறங்கிவிட்டால், அந்தக் குடும்பம் பறக்கத் தயார்.

நான்காம் படி, பறப்பு. ஹேங் கிளைடர், பாராகிளைடர் என இரண்டு உண்டு. முன்னது அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய முக்கோண இறக்கை. குப்புறப் படுத்தபடி பறப்பார்கள். பின்னது சட்டமில்லாத துணி இறக்கை, உட்கார்ந்தபடி பறக்கலாம். விமானியோடு சேர்ந்து பறக்கும் ‘டேன்டம்’ முறைக்கு இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது பாராகிளைடர்தான். கோடையில் கேரளத்து வாகமண் நமக்குக் கிட்டம். மதுரை, தேனி, குமுளி வழியாகப் போகலாம். ஜூனில் பருவமழை வருமுன் முடித்துவிட வேண்டும். மே மாத மாலைகளில் அங்கே இடி மழை சகஜம் என்பதால் காலை நேரத்தையே கேளுங்கள். காற்றும் அப்போது அடங்கியிருக்கும். இமாச்சலத்தின் பீர்–பில்லிங்குக்குப் போவதானால் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலிருந்து பறக்கலாம். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே தடை.

இதய நோய், வலிப்பு, முதுகு அறுவை சிகிச்சை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழேயே இருக்கட்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் பறக்க வேண்டாம். ஒருவர் பிள்ளைகளோடு இறங்கும் இடத்தில் நிற்க வேண்டும். விபத்துக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாலிசியை வீட்டிலேயே படித்துவிடுங்கள்.

கிளம்பும் இடத்தில் விமானியின் உரிமத்தையும், அவசரப் பாராசூட் இருக்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பிறகு பெல்ட். இரண்டு தொடையிலும் மார்பிலும் பூட்டு. இரு பக்கமும் இறக்கையோடு இணைக்கும் கொக்கி. ஒவ்வொன்றையும் உங்கள் விரலால் இழுத்துப் பாருங்கள். ‘ஓடுங்கள்’ என்றதும் கால் தரையை விட்டு எழும்வரை ஓடுங்கள். பாதியில் உட்கார்ந்தால் இருவரும் சரிவில் விழுவீர்கள்.

2018இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில், டேன்டம் ஹேங் கிளைடரில் ஏறிய பயணியை விமானி கொக்கியில் மாட்டவே மறந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் கைப்பிடியில் தொங்கி, மணிக்கட்டு முறிந்து உயிர் தப்பினார் அந்த மனிதர். 2024 பிப்ரவரியில் இமாச்சலத்தின் டோபியில் விழுந்து இறந்த தெலங்கானாப் பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய பெல்ட்டை விமானி சரிபார்க்கவில்லை என்றது முதற்கட்ட விசாரணை.

‘நாங்க பாத்துக்குறோம் சார்’ என்று சொல்லிப் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்க விடாத இடத்தில் பறக்காதீர்கள். முன்பணம் போனால் போகட்டும்.