தண்டுவடம் அடிபட்டாலும் மூளை கற்றுக்கொண்டே இருக்கும்



கல்வராயன் மலையில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஓர் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கடுக்காய் பறிக்க ஏறி எங்க வீட்டுக்காரர் மரத்துல இருந்து விழுந்துட்டாரு. கால்ல கிள்ளினாக்கூடத் தெரியல. ஆனா கால் எரியுதுங்கறாரு. நடிக்கிறாரா?"

நடிக்கவில்லை. ஏன் என்பதுதான் இம்மாதப் பாடம்.

முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் பருமனில் ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். மூளைக்கும் காலுக்கும் நடுவே சேதி கொண்டுபோவது அதுதான். அது அடிபட்டால் சேதி நின்றுவிடும்.

மூளையில் காலுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம் உண்டு. காலிலிருந்து சேதி வராவிட்டால் அதன் இடம் தரிசாகக் கிடக்கும். பக்கத்து நிலக்காரர் வரப்பைத் தள்ளிப் போடுவது போல, மற்ற உறுப்புகளுக்கான பகுதி அதில் மெல்லப் பரவும். அடிபட்ட நரம்பும், இப்படி மாறும் மூளையும் சேர்ந்து இல்லாத எரிச்சலை இருப்பதாகக் காட்டலாம். வலி நிஜம்தான். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து உண்டு.

இதே மாற்றத்தில் நன்மையும் உண்டு. மண் சரிந்து ரோடு அடைபட்டால் ஒற்றையடிப் பாதையில் போகிறோம். நடக்க நடக்க அது அகலமாகிறது. தண்டுவடத்தில் சில நரம்புகள் மிஞ்சியிருந்தால், பயிற்சி செய்யச் செய்ய மூளை அவற்றின் வழியே வேலை வாங்கக் கற்கும். எல்லாரும் எழுந்து நடப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. முழுதும் சேதமானால் கால் திரும்புவது அரிது. ஆனால் கையும் தோளும் புது வேலை பழகும்.

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானது.

நினைவில் வையுங்கள்:

1. விழுந்தவரை அள்ளித் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.
2. சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள்.
3. படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வரும் ஆபத்து குறையும்.

"வேலைக்குப் போனா பயிற்சிக்குத் துணை யாரு?" என்றார் அந்த அக்கா. குழுவினர் அன்றே முறை வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் இப்படி யாராவது இருக்கிறார்களா? அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.