ரெம்பிராண்டின் தெரு இசைஞர்

அரசர்களையும் செல்வர்களையும் தீட்டிப் புகழ் பெற்ற ஓவியர் பலர். தெருவில் வாசித்துப் பிழைக்கும் ஏழையைக் கலைக்குப் பொருளாக்கியவர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஹாலந்து நாட்டு ரெம்பிராண்ட் (1606–1669). ‘வீட்டு வாசலில் பிச்சை பெறுவோர்’ என்னும் அவரது 1648ஆம் ஆண்டு அச்சோவியம் இதற்குச் சான்று.

முதலில், அச்சோவியம் உருவாகும் முறையைக் காண்போம். செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் படம் கீறுவர். தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். வண்ண ஓவியம் ஒரு வீட்டுச் சுவரை மட்டுமே அணி செய்யும். அச்சோவியமோ பலர் கைக்குச் செல்லும்.

இனிப் படத்தைப் பார்ப்போம். அதன் உயரம் ஏறத்தாழ 16 செ.மீ. தான். வீட்டுக்காரரான முதியவர், பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு பெண்ணின் கையில் காசு வைக்கிறார். அவள் முதுகில் குழந்தை. அருகில் ‘ஹர்டி-கர்டி’ என்னும் கருவியுடன் ஒரு கிழவர். முன்னால் ஒரு சிறுவன். அக்கருவியின் கைப்பிடியைச் சுழற்றினால், மரச்சக்கரம் நரம்புகளை உரசும். கட்டைகளை அழுத்த இசை பிறக்கும். சில நரம்புகள் மட்டும் ஓயாது ஒரே சுருதியில் ஒலிக்கும். கண் பார்வையற்ற இரவலர் பலருக்கு அந்நாளில் அதுவே பிழைப்புக் கருவி.

அக்கால ஓவியர் பலர் இரவலரைக் கேலிப் பொருளாகவே வரைந்தனர். ரெம்பிராண்டும் இளமையில் பிரெஞ்சு ஓவியர் கலோவின் இரவலர் படங்களைப் பின்பற்றினார். ஆயினும் 1630இலேயே ஒரு பிச்சைக்காரனுக்குத் தம் முகச்சாயலைத் தந்தவர் அவர். 1648ஆம் ஆண்டுப் படத்திலோ கேலியின் சுவடே இல்லை. கொடுப்பவரிடம் செருக்கில்லை, பெறுபவளிடம் கூனிக் குறுகலும் இல்லை.

இதனைக் கருணை ஓவியம் என்பாருண்டு. அதனினும் ஒரு படி மேலானது இது என்பது என் கருத்து. சிறுவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். வீட்டுக்காரரின் முகமோ நம் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்படியானால் நாம் நிற்பது எங்கே? வீட்டினுள் அன்று, தெருவில், இரவலரின் பின்னால்! கொடுப்பவனின் இடத்திலிருந்து ஏழையைப் பார்ப்பது எளிது. ஏழையின் இடத்திலிருந்து வாசற்கதவைப் பார்க்கச் செய்கிறார் ரெம்பிராண்ட். 1656இல் கடனால் நொடித்துச் சொந்த வீட்டையே இழக்க நேர்ந்த அக்கலைஞர், அந்தத் துன்பம் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே இப்பாடத்தை உணர்ந்திருந்தார். கலை பயிலும் நாமும் உணர வேண்டிய பாடம் இதுவே.