சீட்டைப் பெட்டியில் பூட்டாதீர்கள்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறைய. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பூ விற்கும் ஓர் அக்காவின் கதை இது.

அக்காவுக்கு 45 வயது. சில நாட்களாக நெஞ்சு படபடவென்று அடித்தது. பூக்கூடையோடு நடந்தால் மூச்சு வாங்கியது. "வெயில்தான் காரணம்" என்று இருந்துவிட்டார்.

ஒருநாள் தலை சுற்றியது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஒரு நிமிடம் முழுவதும் நாடி பார்த்தார். நாடி சீராக இல்லை. சில துடிப்பு வேகமாக ஓடியது. பிறகு தடுமாறியது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதினார்.

"அம்மா, பெங்களூரில் ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருதய டாக்டரைப் பாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்" என்றார்.

பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். ஒருநாள் வியாபாரம் போய்விடும். அக்கா சீட்டைத் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஒரு வாரம் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நர்சு. அவள் விசாரித்தாள்.

"ஏன் அக்கா இன்னும் போகவில்லை?"

"இப்போது படபடப்பு இல்லை கண்ணு. இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால்தானே அங்கே அனுப்புகிறார்?"

"இல்லை அக்கா. தெரிந்ததால்தான் அனுப்புகிறார்" என்றாள் நர்சு. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "படபடப்பு உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் நாடி இன்னும் தடுமாறுகிறது."

அவள் விளக்கிச் சொன்னாள்:

"இருதயத்தில் 4 அறைகள் உண்டு. மேலே 2, கீழே 2. மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்க வேண்டும். அவை வெறுமனே நடுங்கினால் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அது வராமல் தடுக்க மருந்து உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்று இருதய டாக்டர் பார்த்துச் சொல்வார்."

மறுநாள் விடியற்காலையில் அக்கா ரயில் ஏறினார்.

அங்கே எக்கோ பரிசோதனை செய்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கி இருந்தது.

"சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமாம் ஐயா. 10 வயதில் வந்தது."

தொண்டைப் புண்ணுக்குப் பின் சில குழந்தைகளுக்கு இந்தக் காய்ச்சல் வரும். அது வால்வைக் கெடுத்துவிடும். பல ஆண்டு கழித்து நாடி தடுமாறும்.

அக்காவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். மாத்திரையைத் தானாக நிறுத்துவதில்லை. இப்போதும் பூ விற்கிறார்.

சீட்டு கொடுத்தால் என்ன செய்வது?

• எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்று கேளுங்கள்.
• ஈ.சி.ஜி. தாளைக் கொண்டு போங்கள். நீங்கள் போகும் நேரம் துடிப்பு சீராக இருக்கலாம். அப்போது அந்தத் தாள்தான் சாட்சி. வெயிலும் சூடும் பட்டால் அது மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.
• சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கொண்டு போங்கள்.
• ரேஷன் கார்டு, ஆயுஷ்மான் கார்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள்!

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் 3 விரல்களை வையுங்கள். ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும். துடிப்பு ஒரே சீராக வருகிறதா? இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. அக்கா ஏன் சீட்டைப் பூட்டி வைத்தார்?
2. ரத்தம் தேங்கினால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டில் மடித்து வைத்த சீட்டு ஏதாவது இருக்கிறதா?